பெயின்ட் புள்ளி வைத்த திருகு

ரோட்டோர ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

மரத்தடியிலோ, தகரக் கொட்டகையிலோ, பெட்ரோல் பங்க் பக்கத்துச் சந்திலோ கடை போட்டிருப்பீர்கள். கார்புரேட்டரில் கை பழகியிருக்கும். இப்போது எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி ஒன்று வந்து நின்றால், ‘இதை கம்பெனி சர்வீஸுக்கே அனுப்பிடலாமா’ என்று ஒரு நொடி மனசு தயங்கும். அப்படித் தயங்குகிற எல்லாருக்கும் இந்த மடல். திண்டுக்கல் நத்தம் சாலையில் எனக்கும் ஒரு கடை இருக்கிறது. முப்பது வருஷத் தொழில். ஐடிலில் தடுமாறிய ஒரே ஒரு வண்டியைப் பற்றியும், அதில் நான் செய்த மூன்று தப்புகளைப் பற்றியும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வண்டி ஒரு பால்காரருடையது. 2021இல் வாங்கிய 125 சிசி, மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி எண்பது வீட்டுக்கு ஊற்றுகிறவர். ஒவ்வொரு வாசலிலும் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி, இறங்கி, ஊற்றிவிட்டு ஏறுவார். அவருக்குப் பிக்கப் முக்கியமில்லை, டாப் ஸ்பீடும் முக்கியமில்லை. வாசலில் வண்டி நின்று ஓட வேண்டும், அவ்வளவுதான்.

“அண்ணே, முதல் பத்து வீடு வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. அதுக்கப்புறம் வாசலுக்கு வாசல் ஆஃப் ஆகுதுண்ணே” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. ஸ்டார்ட் செய்தேன். குப்பென்று ஒரு தடுமாற்றம், பிறகு சரியாவது போல ஒரு நாலு சுற்று, மறுபடியும் ஒரு தடுமாற்றம். என் கட்டைவிரல் தானாகவே த்ராட்டில் பாடி பக்கம் போயிற்று. முப்பது வருஷமாக ஸ்லோ ஸ்க்ரூவைத் தேடிப் பழகிய விரல். அங்கே ஒரு திருகு இருந்தது. அதன் தலையில் மஞ்சள் பெயின்ட் புள்ளி. பெயின்ட் உடைய ஒரு முக்கால் சுற்று சுற்றினேன். வண்டி ஆஃப் ஆகாமல் நின்றது. அவரும் சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். “இப்ப ஆஃப் ஆகலண்ணே. ஆனா உறுமுது. தெருநாயெல்லாம் எந்திரிச்சுக் குரைக்குது” என்றார். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். இறங்கவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்திலேயே தொங்கியது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போலக் கறுப்பு. பெட்ரோல் அதிகம் போகிறது, ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும் என்று முடிவுகட்டி, மூவாயிரத்துச் சொச்சத்துக்குப் புது சென்சார் வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து அதே கறுப்பு.

கடைசியில் என்னிடம் வேலை பழகுகிற ஐ.டி.ஐ. பையன்தான் கேட்டான்: “அண்ணே, டேப்பெட் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. எஃப்.ஐ. வண்டிக்கும் டேப்பெட் (வால்வு இடைவெளி) இருக்கிறது என்பதே அந்த நாலு நாளும் என் நினைவில் இல்லை. இரவு முழுக்க ஆற விட்டு, மறுநாள் காலை கவரைக் கழற்றி, மேக்னட்டில் ‘டி’ குறியை நேராக நிறுத்தி, ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் 0.12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது அந்த வண்டியின் புத்தகம். 0.05 தகடே உள்ளே நுழையவில்லை. சரியாக வைத்து மூடினேன். பெயின்ட் உடைத்த திருகை, த்ராட்டில் சென்சாரின் வோல்ட்டேஜைப் பார்த்துப் பார்த்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வண்டி சாதுவாக நின்று ஓடியது. அந்த டேப்பெட் எப்படி அவ்வளவு டைட் ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதிலிருந்து நான் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எஃப்.ஐ. என்ற இரண்டு எழுத்துக்குப் பயந்து, கையில் இருந்த தொழிலை நாம் மறந்துவிடுகிறோம். மறந்துவிட்டு, தொடக் கூடாத ஒன்றைத் தொடுகிறோம்.

கொஞ்சம் பின்னால் போவோம். எஃப்.ஐ. நமக்கு முந்தாநாள் வந்ததல்ல. கவாசாகி 1980இலேயே ஒரு இசட் 1000 மாடலில் அதை வைத்து விற்றது. நம் நாட்டில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமரிலும், அடுத்த வருஷம் பல்சர் 220இலும் வந்தது. அப்போதெல்லாம் நம் கடைக்கு அப்படி ஒரு வண்டி வந்தால் அதிசயம். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகுதான், மொபெட்டிலிருந்து புல்லட் வரை பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் கழன்றது. பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ, ஃப்ளோட் லெவல் என்று நாம் சேர்த்து வைத்த வித்தை ஒரே நாளில் பழைய வண்டிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கழன்றது பெட்ரோல் ஊற்றுகிற கருவி மட்டும்தான். பிஸ்டன் அப்படியேதான் இருக்கிறது. வால்வு, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஐடிலில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம். ஆக்சிலரேட்டரை விட்டால் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். இன்ஜின் உயிரோடு இருக்கத் தேவையான கொஞ்சம் காற்று, பக்கத்திலுள்ள சின்ன வழியாகப் போகும். பல வண்டிகளில் அந்த வழியைத் திறந்து மூட ஒரு ஐடில் வால்வு இருக்கும்; சிலவற்றில் இருக்காது. காற்று எவ்வளவு போகிறது என்று, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து மேப் சென்சார் சொல்லும். தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று த்ராட்டில் பொசிஷன் சென்சார், அதாவது டி.பி.எஸ். சொல்லும். இன்ஜின் சூடா ஆறலா என்று டெம்பரேச்சர் சென்சார் சொல்லும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பல்சர் காயில் சொல்லும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு முடிவு செய்யும். எரிந்து முடிந்த புகையை ஆக்சிஜன் சென்சார் மோந்து பார்த்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று திருப்பிச் சொல்லும். அதன்படி இசியு அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளும்.

இந்தத் திருத்தத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். வீட்டில் அரிசி குறைந்தால் அம்மா வாய் திறந்து சொல்லமாட்டாள். ஒரு நாள் சோறு, மறுநாள் கஞ்சி, அடுத்த நாள் தன் தட்டில் குறைத்துக்கொள்வது என்று சமாளிப்பாள். பானை முழுசாகக் காலியாகும் அன்றைக்குத்தான் நமக்குத் தெரியும். இசியு அந்த அம்மா மாதிரி. மேனிஃபோல்டில் சின்னதாகக் காற்று கசிந்தாலும், த்ராட்டிலில் கரி படிந்தாலும், அது பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, ஐடில் வால்வைத் திறந்து மூடி, மாசக்கணக்கில் சமாளிக்கும். கார்புரேட்டர் வண்டி முதல் நாளே இருமும். எஃப்.ஐ. வண்டி, இனி முடியாது என்கிற நாளில்தான் இருமும். ஆகவே தடுமாற்றம் காதில் விழும்போது, பழுது நேற்று வந்தது என்று நினைக்கக் கூடாது.

இன்னொன்று, பழுதில்லாத சென்சார் பொய் சொல்லாது; ஆனால் அது சொல்வதை இசியு தப்பாகப் புரிந்துகொள்ளலாம். என் பால்காரர் வண்டியில் நடந்தது அதுதான். சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டது, இடைவெளி இல்லாததால் முழுசாக உட்காரவில்லை, கம்ப்ரஷன் கசிந்தது, கலவை சரியாக எரியவில்லை. எரியாத கலவையோடு எரியாத ஆக்சிஜனும் சைலன்ஸருக்குப் போனது. ஆக்சிஜன் சென்சார், ‘இங்கே ஆக்சிஜன் அதிகம்’ என்று உள்ளதைத்தான் சொன்னது. இசியு அதை, ‘அப்படியானால் பெட்ரோல் போதவில்லை’ என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஊற்றியது. பிளக் கறுத்தது. கறுத்த பிளக்கைப் பார்த்து, சென்சாரைக் குற்றவாளி ஆக்கினேன் நான். சைலன்ஸர் கேஸ்கெட் கசிந்து, சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று நுழைந்தாலும் இதே கூத்துதான் நடக்கும்.

இனி வேலைக்கு வருவோம். என் கடையில் இப்போது ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அதிலிருந்து விலகுவதில்லை.

முதல் வேலை, ஸ்பேனர் இல்லாத வேலை. வண்டிக்காரரிடம் கேள்வி கேட்பது. ஆறிய இன்ஜினில் தடுமாறுகிறதா, சூடானபின் தடுமாறுகிறதா? ஆறிய நேரத்தில் மட்டும் என்றால் ஐடில் வால்வு, டெம்பரேச்சர் சென்சார், பெட்ரோல் ஆகியவற்றின் மேல் சந்தேகம். சூடானபின் என்றால் டேப்பெட், சூட்டில் தகராறு செய்கிற பல்சர் காயில், தளர்ந்துபோன பம்ப். எப்போதும் என்றால் காற்றுக் கசிவு, கரி, பிளக். கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள், எங்கே வாட்டர் வாஷ் பண்ணினீர்கள், புதுசாக ஹாரனோ விளக்கோ மாட்டினீர்களா, எத்தனை நாள் ஓட்டாமல் நிறுத்தியிருந்தீர்கள் என்றும் கேளுங்கள். ‘முதல் பத்து வீடு’ என்று அவர் சொன்னபோதே நான் இதைக் கேட்டிருந்தால் நாலு நாளும் மூவாயிரமும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, மீட்டரைப் பார்ப்பது. சாவியைத் திருப்பியதும் மஞ்சள் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டதுமே எரியவில்லை என்றால், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது இசியுவுக்குக் கரண்டே வராமல் இருக்கலாம். அணையவில்லை என்றால் ஃபால்ட் கோடு, அதாவது பழுதைச் சொல்லும் எண் இருக்கிறது. ஹோண்டா பழக்கத்தில் அந்த விளக்கு கண்சிமிட்டியே எண்ணைச் சொல்லும். நீளமான சிமிட்டல் பத்து, குட்டையான சிமிட்டல் ஒன்று. ஏழு என்றால் இன்ஜின் சூட்டு சென்சார், எட்டு டி.பி.எஸ்., பன்னிரண்டு இன்ஜெக்டர், இரண்டு நீளமும் ஒன்பது குட்டையும் வந்தால் ஐடில் வால்வு. மற்ற கம்பெனிகளுக்கு வேறு கணக்கு உண்டு. ஸ்கேனர் மாட்டினால் பி 0505 என்று வந்தால் ஐடில் கட்டுப்பாடு, பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு.

ஆனால் கோடு என்பது தீர்ப்பு அல்ல, புகார். ‘டி.பி.எஸ்.’ என்று கோடு வந்தால் டி.பி.எஸ்.ஸும் போயிருக்கலாம், அதற்குப் போகிற வயரை எலியும் கடித்திருக்கலாம். அதேபோல, விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது. 2020இல் வந்த முதல் கட்ட ஏற்பாடு, பெரும்பாலும் வயர் அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்பதைத்தான் கவனிக்கும். டேப்பெட் டைட் என்பதற்கு அதில் கோடே கிடையாது. பால்காரர் வண்டியில் கடைசி வரை விளக்கு எரியவில்லை.

மூன்றாவது, பேட்டரி. இதைத்தான் நாம் அதிகம் அலட்சியப்படுத்துகிறோம். கார்புரேட்டர் வண்டி பேட்டரி செத்தாலும் கிக்கரில் ஓடும். எஃப்.ஐ. வண்டியில் பம்ப், இன்ஜெக்டர், இசியு எல்லாமே பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. மல்டிமீட்டரில் ஓய்வில் 12.4க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓடும்போது பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையில் நிற்க வேண்டும். டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். சேஸிஸில் எர்த் வயர் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். தடுமாறிக்கொண்டிருந்த எத்தனையோ வண்டிகள் என் கடையில் இந்த ஒரு போல்ட்டில் சரியாகியிருக்கின்றன. கப்ளர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் சாவி ஆஃபில் இருக்க வேண்டும். பிரஷர் வாஷ் தண்ணீர் உள்ளே போய்ப் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

நான்காவது, காற்றும் தீயும். எண்ணெய் தடவிய பேப்பர் ஃபில்டரை கம்ப்ரஸரில் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். ஊதினால் எண்ணெயும் போய்விடும், காகிதமும் நைந்துவிடும். அதை மாற்றத்தான் வேண்டும். பிளக் வாங்கும்போது எண்ணில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது ரெசிஸ்டர் பிளக்கைக் குறிக்கும். அது இல்லாத பிளக்கிலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் தீப்பொறியிலிருந்து கிளம்புகிற மின் இரைச்சல் இசியுவைக் குழப்பும். காரணமே தெரியாத தடுமாற்றம் வரும்.

ஐந்தாவது, டேப்பெட். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும், ராக்கர் இரண்டும் லேசாக ஆட வேண்டும். அளவு அந்த வண்டியின் புத்தகத்தில் போட்டிருப்பதுதான். போன வண்டிக்கு வைத்ததை இதற்கு வைக்கக் கூடாது. ஃபீலர் தகடு, புத்தகப் பக்கங்களுக்கு நடுவில் இழுப்பது போன்ற ஒரு பிடிப்போடு வர வேண்டும். இதில் காதை நம்பாதீர்கள். லூஸான டேப்பெட் ‘டக் டக்’ என்று ஊருக்கே சொல்லும். டைட்டான டேப்பெட் சத்தமே போடாமல் வால்வைத் தின்னும்.

ஆறாவது, காற்றுக் கசிவு. த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டு, அதன் ஓ-ரிங், மேப் சென்சாரின் குழாய், பெட்ரோல் ஆவியை இழுக்கிற கேனிஸ்டர் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘இந்த டப்பா எதுக்கு’ என்று கேனிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, த்ராட்டில் பக்கத்து முனையை அடைக்காமல் விட்டவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்தத் துளையே போதும், ஐடில் ஏறி ஏறி இறங்கும். இன்ஜின் ஓடும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள். எந்த இடத்தில் தெளித்ததும் ஓட்டத்தின் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் கசிவு. சிலர் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்ஸருக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

ஏழாவது, பெட்ரோல். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து ‘உய்ய்’ என்று இரண்டு வினாடி ஒரு சத்தம் வரும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. பல வண்டிகளில் அந்த அழுத்தம் ஏறக்குறைய மூன்று பார். சத்தம் இழுத்துக்கொண்டே போனாலோ, அழுகிற மாதிரி கேட்டாலோ, கேஜ் மாட்டி அளந்து பார்க்க வேண்டியதுதான். ஓட்டிக்கொண்டு வந்த சூட்டோடு அழுத்தக் குழாயைப் பிடுங்காதீர்கள். பெட்ரோல் பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

இப்போது பெட்ரோலிலேயே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது போதும். அந்த வித்தியாசத்தை ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியு சரிக்கட்டிவிடும். கார்புரேட்டரால் முடியாத காரியம் இது. தொல்லை வேறு இடத்தில். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஒரு மாசம் நிறுத்திய வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால், சென்சாரைத் தேட வேண்டாம். டேங்கைக் கழுவுங்கள்.

எட்டாவதாகத்தான் த்ராட்டில் பாடி. தட்டின் விளிம்பில் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தால் ஐடில் காற்று குறையும். மெல்லிய துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். சில த்ராட்டில்களின் உட்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். ஸ்ப்ரேயை நேராக அடித்தால் சென்சாருக்குள்ளும் போகும். துடைத்து முடித்ததும் புத்தகத்தில் சொன்னபடி ரீசெட் செய்ய வேண்டும். இல்லையென்றால் அழுக்குத் தட்டுக்குப் பழகிய இசியு, சுத்தமான தட்டிலும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். ‘கிளீன் பண்ணதுக்கப்புறம்தான் மோசமாச்சு’ என்று வண்டிக்காரர் சண்டைக்கு வருவார்.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் சென்சார். அதையும் அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். டி.பி.எஸ்.ஸுக்கு ஐந்து வோல்ட் போகும். மூடிய நிலையில் அரை வோல்ட் அளவில் திரும்பி வரும். ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக, குதிக்காமல் ஏற வேண்டும். சூடான ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் உறைந்து நின்றால் சந்தேகப்படலாம். இன்ஜினுக்குக் கண்ட சிலிகான் பேஸ்ட்டைப் போட்டு ஒட்டுவதும் அந்தச் சென்சாரைக் கெடுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இப்போது அந்தத் திருகு. சில வண்டிகளில் ஐடிலுக்கென்றே வெளியே ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதைத் திருப்பலாம், குற்றமில்லை. பெயின்ட் புள்ளி வைத்தது அப்படியல்ல. தட்டு எங்கே மூடி நிற்க வேண்டும் என்று ஃபேக்டரியில் அளந்து வைத்த எல்லைக்கல் அது. அதை நகர்த்தினால், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் தட்டு திறந்திருப்பதாக டி.பி.எஸ். சொல்லும். ஓட்டுகிறவர் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று இசியு நினைத்து, ஐடில் கணக்கைப் போடவே போடாது. பழுது சரியானது போல ஒரு நாள் தெரியும். உண்மையில் அது மறைந்துதான் இருக்கும். வேகமாகச் சுற்றும்போது வால்வில் கசிய நேரம் குறைவு, அதனால் தடுமாற்றம் கேட்காது; வால்வு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

இளைய தம்பிமாரே, உங்களுக்குத் தனியாக ஒன்று. போனில் ஸ்கேனர் பார்க்கத் தெரியும் என்பதால் ஃபீலர் கேஜ் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். என் வயது அண்ணன்மாருக்கு அதே பேச்சைத் திருப்பிச் சொல்கிறேன். முப்பது வருஷக் காது இருக்கிறது என்பதால் மல்டிமீட்டர் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு என் கடையில் கருவி, காது இரண்டும் இருந்தன. ஒன்று ஐ.டி.ஐ. பையன் கையில், இன்னொன்று என் தலையில். நாலு நாள் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

கம்பெனிக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஓசூரிலும் ஒரகடத்திலும் வண்டி செய்கிறீர்கள். அந்த வண்டியின் ஒயரிங் படமும் அளவுகளும் நத்தம் சாலைக் கடைக்குத் தமிழில் கிடைக்கட்டும். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. அந்த உரிமை வண்டிக்காரருக்கு மட்டும் போதாது, வண்டியைப் பிரிக்கிற கைக்கும் வேண்டும். அது கிடைக்கும் வரை, கடைக்குக் கடை நாம் பகிர்ந்துகொள்ளலாம். நீங்கள் கண்டுபிடித்ததை ரகசியமாக வைத்திருந்தால் பக்கத்துக் கடைக்காரர் இன்னொரு மஞ்சள் புள்ளியை உடைப்பார்.

அதற்காக நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். வண்டி, கிலோமீட்டர், என்ன புகார், ஆறலிலா சூட்டிலா, என்ன பார்த்தேன், கடைசியில் காரணம் என்ன என்று கோடு கிழித்து எழுதுகிறேன். வேலை பழகுகிற பையன் அதில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னான்: ‘யாரால்’ என்று. எலி, மழை, வாட்டர் வாஷ், வண்டிக்காரர், வேறு கடை என்று அதில் நிரம்பி வருகிறது.

முதல் வரி பால்காரர் வண்டி. அந்தக் கட்டத்தை நிரப்ப பழைய பில் புத்தகத்தைப் புரட்டினோம். மூன்று மாசத்துக்கு முன் அவர் வந்திருக்கிறார். “இன்ஜின்ல சத்தம் கேக்குதுண்ணே, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க” என்றிருக்கிறார். இன்ஜின் சூடாக இருக்கும்போதே, ஃபீலர் கேஜ் இல்லாமல், காதால் கேட்டுக் கேட்டுச் சத்தம் அடங்கும் வரை டேப்பெட்டை முறுக்கியிருக்கிறார் மெக்கானிக். நூற்றைம்பது ரூபாய் வாங்கியிருக்கிறார். பில்லில் கையெழுத்து என்னுடையது.

சென்சாருக்கு வாங்கிய காசை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ‘யாரால்’ கட்டத்தில் ‘நான்’ என்று பையன் எழுதவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினான். எழுதினேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
திண்டுக்கல்